கீரைப் பாத்தியும் வாசல் கடையும்

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவிகளுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். நான் சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். புதுக்கோட்டைப் பக்கம், வானம் பார்த்த செம்மண் ஊர்கள். பணியில் இருந்தபோது உங்களுக்கு இப்படி ஒரு மடல் எழுதியிருக்க முடியாது. எழுதியிருந்தால் மேலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கும். இப்போது அந்தக் கவலை இல்லை.

ஒரு வேலை சொல்கிறேன். ஏதாவது ஒரு நாள் மதியம் பிள்ளைகள் தட்டு கழுவுகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கழுவிய தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் என்ன கிடக்கிறது என்று குனிந்து பாருங்கள். சோறு அதிகம் இருக்காது. முட்டை இருக்கவே இருக்காது. கேரட் துண்டு, பீன்ஸ், கத்தரிக்காய்த் தோல், கொத்துக் கொத்தாகக் கறிவேப்பிலை, இவைதான் கிடக்கும். சாம்பாரில் போட்ட காயில் பாதி வாய்க்காலுக்குத்தான் போகிறது. அமைப்பாளர்கள் எல்லோருக்கும் இது தெரியும். பதிவேட்டில் இதை எழுத இடம் கிடையாது.

அப்புறம் அதே நாள் காலை இடைவேளையில் வாசலுக்குப் போங்கள். மணி அடித்ததும் பாதிப் பள்ளி கேட்டுக்கு வெளியே நிற்கும். கடையில் சரம் சரமாகத் தொங்குகிற அஞ்சு ரூபாய் பாக்கெட்டுகளில் நாலைந்து கண்முன்னே பிய்ந்து போகும். மசாலாத் தூள் ஒட்டின விரலைச் சூப்பிக்கொண்டே வகுப்புக்குள் நுழைவார்கள். இரண்டு பாக்கெட் தின்ற எட்டு வயதுப் பிள்ளைக்குப் பன்னிரண்டரை மணிக்குப் பசி எங்கிருந்து வரும்? பசி ருசி அறியாது என்பார்கள். பசியே இல்லாத பிள்ளைக்கு ருசி மட்டும்தான் தெரியும். உப்பும் புளிப்பும் காரமும் தூக்கலாக நாக்கில் ஏறியிருக்கும்போது, அவித்த பூசணிக்காய்க்கு என்ன மரியாதை கிடைக்கும்?

நான் சொல்ல வந்தது இதைத்தான். பள்ளிக்குள் காய்கறித் தோட்டம் போடுவதும் வாசல் கடையில் விற்பதைத் திருத்துவதும் இரண்டு வேலை அல்ல. ஒன்றை விட்டு மற்றதைச் செய்தால் பலன் இல்லை. இரண்டையும் சேர்த்துச் செய்யச் சட்டப்படி உட்கார்ந்து பேசக்கூடிய ஒரே கூட்டம் உங்களுடையது.

அப்படியா என்று கேட்பீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தில் உங்கள் குழுவுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. நம் மாநிலத்தில் 2022-ல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது பெரும்பாலான பள்ளிகளில் ஒரு தாய்தான் தலைவியானார். பிள்ளை என்ன சாப்பிடும், எதை ஒதுக்கும் என்று இவர்களைவிடத் தெரிந்தவர் யார்? ஆனால் தீர்மானப் புத்தகங்களைப் புரட்டினால் கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர், குடிநீர்த் தொட்டி என்றுதான் வரும். சாப்பாட்டைப் பற்றி, “சத்துணவு சிறப்பாக வழங்கப்படுகிறது” என்று ஒரு வரி. அந்த வரியை முந்தின மாதத்தில் இருந்து பார்த்து எழுதியிருப்பார்கள்.

நான் சத்துணவைக் குறை சொல்லவில்லை. குறை சொன்னால் என் வாய் வேகும். சென்னை மாநகராட்சியில் தியாகராயச் செட்டியார் காலத்தில், 1920-ல், ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கியது இந்த வழக்கம். 1956-ல் காமராசர் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் சத்துணவைத் தொடங்கினார். கலைஞர் காலத்தில் முட்டை வந்தது, அதுவே பிறகு வாரம் ஐந்து முட்டையானது. 2022-ல் காலை உணவும் வந்துவிட்டது. பசியோடு வகுப்பில் மயங்கி விழுகிற பிள்ளையை இன்றைக்குத் தேடினாலும் பார்ப்பது அரிது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் பார்த்திருக்கிறேன்.

ஆனால் வயிறு நிறைவது வேறு, ரத்தம் ஊறுவது வேறு. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் மாநிலத்தில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் ரத்தசோகையோடு இருக்கிறார்கள் என்று வந்தது. பெண்களிலும் பாதிக்கு மேல். அரிசிக்கு இங்கே குறைவில்லை. குறைவது கீரை, காய், பழம், பயறு. உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவர் நாளுக்கு 400 கிராமாவது காயும் பழமும் சாப்பிடச் சொல்கிறது. நம் வீடுகளில் நான்கு பேர் குடும்பத்துக்கு அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கி, அதிலும் பாதியை மறுநாள் குழம்புக்கு என்று எடுத்து வைக்கிறோம்.

மதிய உணவுத் திட்டத்தின் அளவைப் பாருங்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம் காய்கறி, ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைக்கு 75 கிராம். அளவு சரிதான். ஆனால் அந்தக் காயை வாங்க அமைப்பாளர் கைக்கு வருகிற காசில்தான் தாளிப்புச் சாமானும் வாங்க வேண்டும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். அந்த மாதிரி நேரத்தில் என்ன நடக்கும் என்று நான் சொல்கிறேன்: தக்காளி பாதியாகும், புளி கூடும், காய் என்ற இடத்தில் உருளைக்கிழங்கும் பூசணியும் மாறி மாறி வரும், கீரை வாரக்கணக்கில் கண்ணிலேயே படாது. யாரும் திருடவில்லை. விலை அப்படி.

இங்கேதான் தோட்டம் வருகிறது. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் போடச் சொல்லி மத்திய அரசு 2019-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. அதற்கு முன்பே நம் பள்ளிகளில் தோட்டம் உண்டு. தோட்டம் என்றால் குரோட்டன்ஸ், காகிதப்பூ, சுண்ணாம்பு அடித்த செங்கலைச் சாய்த்து வரிசையாக நட்ட ஓரம். ஆய்வுக்கு அதிகாரி வரும்போது போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். தின்ன முடியாது.

எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு சென்ட் போதும். மதிய உணவு சாப்பிடுகிற பிள்ளைகள் 80 பேர் உள்ள ஒரு தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். 80 பேருக்கு 50 கிராம் வீதம் 4 கிலோ. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். நடக்க, தண்ணீர் பாய, மூலையில் குப்பைக்குழி போட என்று பாதியைக் கழித்துவிடுங்கள். மீதி 20 சதுர மீட்டரை நாலு பாத்தியாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாத்தியாகச் சிறுகீரையோ தண்டுக்கீரையோ விதைத்தால், நாலாவது வாரம் முடியும்போது முதல் பாத்தி பறிப்புக்கு வந்துவிடும். சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் வரும். வேரைக் கழித்தாலும் வாரத்துக்கு ஒரு நாள் 80 பிள்ளைக்கும் கீரை உண்டு. பறித்த பாத்தியைக் கொத்தி எரு போட்டு மறுபடி விதைக்க வேண்டியதுதான். அரைக்கீரை என்றால் விதைக்கக்கூட வேண்டாம், அறுக்க அறுக்கத் துளிர்க்கும்.

வாரத்துக்கு ஒரு நாள்தானா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். தோட்டம் பள்ளிக்கே சோறு போடும், சந்தைக்குப் போகவே வேண்டாம் என்று சொல்கிறவர்கள் பாத்தி கட்டியிருக்க மாட்டார்கள். அது செய்கிற வேலை வேறு. சத்துணவின் கலவை சாதப் பட்டியலில் கறிவேப்பிலை சாதமும் கீரை சாதமும் இருக்கின்றன. கீரை சாதம் பச்சையாக இருக்க வேண்டுமா, பச்சை பூசின மாதிரி இருக்க வேண்டுமா என்பது அந்தப் பாத்தியைப் பொறுத்தது. கறிவேப்பிலை மரம் நாலு இருந்தால் வருடம் முழுக்க அதை வாங்கவே வேண்டாம். சந்தைக் கறிவேப்பிலையில் பூச்சிமருந்து எச்சம் இருப்பதைக் கேரள வேளாண் பல்கலைக்கழக ஆய்வகம் பலமுறை கண்டு சொல்லியிருக்கிறது. கேரளத்துக்குப் போகிற கறிவேப்பிலையில் பெரும்பகுதி நம் மாநிலத்தில் விளைவது. நாம் மட்டும் வேறு எதைத் தின்கிறோம்?

பிள்ளைகளிடம் வருகிற மாற்றம்தான் பெரிசு. வெண்டைக்காய் சாம்பாரைக் கண்டாலே முகம் திருப்பிய பையன்கள், தாங்கள் ஊன்றின வெண்டையில் முதல் காய் பிடித்ததும் நுனியை ஒடித்துப் பார்த்துப் பச்சையாகவே கடித்துத் தின்றதை நான் பார்த்திருக்கிறேன். கொழகொழப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. “டீச்சர், இன்னைக்கு எங்க பாத்திக் கீரையா?” என்று சமையலறை வாசலில் வந்து கேட்ட பிள்ளை, அன்றைக்குத் தட்டில் கீரையை ஒதுக்காது. கூடப் படிக்கிற பிள்ளையையும் ஒதுக்க விடாது. இதற்கு எந்த ஆய்வும் வேண்டாம், வாய்க்காலைப் பார்த்தால் போதும்.

எப்போது தொடங்குவது? பள்ளிக்கூடம் திறப்பது ஜூன். ஆடி பிறப்பது ஜூலை நடுவில். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பள்ளி நாட்காட்டிக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. ஜூன் மாதம் இடத்தைச் சுத்தம் செய்து, கொத்தி, எரு போட்டு வையுங்கள். ஆடியில் வெண்டை, கொத்தவரை, அவரை, பூசணி, பீர்க்கை எல்லாம் ஊன்றலாம். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்த்துவிடும். பீர்க்கையையும் அவரையையும் வேலியிலேயே ஏற்றிவிடுங்கள், பந்தல் செலவு மிச்சம். அரையாண்டு விடுமுறை முடிந்து வந்தால் தைப்பட்டம் கைகொடுக்கும். முழு ஆண்டுத் தேர்வுக்குள் அதுவும் பறித்து முடிந்துவிடும்.

மே மாதம் என்ன செய்வது என்பதுதான் எல்லாத் தலைமை ஆசிரியரும் கேட்கிற கேள்வி, நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் பல பள்ளித் தோட்டம் அந்த ஒரு மாதத்தில்தான் செத்தது. அதனால் மே மாதத்தில் பாத்திப் பயிர் எதுவும் வேண்டாம். அப்போது நிற்க வேண்டியவை மரங்கள்: முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, நெல்லி, கொய்யா. ஒரு மழைக்காலம் வேர் பிடித்துவிட்டால் வாரம் ஒரு தடவை தண்ணீர் காட்டினால் தாங்கும். முருங்கைக்குப் போத்து, அதாவது கிளைத் துண்டு, வெட்டி நட்டாலும் சரி, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான பி.கே.எம். 1 ரக விதையை ஊன்றினாலும் சரி. விதை போட்டது வருடத்துக்குள்ளேயே காய்க்கும். காயைவிடக் கீரைக்காகத்தான் நான் முருங்கை வைக்கச் சொல்கிறேன். உருவிய கீரையைப் பருப்போடு வேகவைத்துக் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் தாளித்தால்தான் அதில் உள்ள ஏ வைட்டமின் உடம்பில் சேரும். மேலே அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்தும் நன்றாகச் சேரும். அகத்தியில் பாலைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கசக்கிறது என்பார்கள். தேங்காய்ப்பூ தூவிக் கொஞ்சமாகப் பொரியலில் கலந்து பழக்குங்கள். பள்ளியை ஒட்டி அங்கன்வாடி இருந்தால் விடுமுறையில் அந்தக் கீரையை அவர்கள் பறித்துக்கொள்ளட்டும். தண்ணீரும் அவர்கள் பொறுப்பாகிவிடும்.

தண்ணீருக்கு மோட்டார் கேட்டு மனு எழுதாதீர்கள். மனு போய், பதில் வந்து, அதற்குள் பங்குனி வந்துவிடும். பிள்ளை ஒன்று கை, தட்டு கழுவ ஒன்றரை லிட்டர் என்று வைத்தாலும் 80 பேருக்கு 120 லிட்டர். அரிசி, பருப்பு, காய் கழுவின தண்ணீர் தனி. இதெல்லாம் இன்றைக்குச் சமையல்கூடத்துக்குப் பின்னால் தேங்கிக் கொசு வளர்க்கிறது. ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, வாய்க்கால் முகத்தில் கல்வாழையை நட்டு, அதைத் தாண்டி இரண்டு வாழையும் நாலு பப்பாளியும் வையுங்கள். அரிசி கழுவின தண்ணீரைக் கீரைக்கு நேராக ஊற்றலாம். சோப்பு கலந்த தண்ணீரை மட்டும் கீரைப் பக்கம் விடாதீர்கள்.

ஆடு. ஆட்டைப் பற்றிச் சொல்லாமல் நம் பக்கத்தில் தோட்டம் பேச முடியாது. சுற்றுச்சுவர் இல்லாத பள்ளி என்றால் கிளுவைப் போத்தை நெருக்கமாக நட்டு உயிர்வேலி போடுங்கள். முதல் வருடம் வேலி முள்ளையும் சேர்த்து அடையுங்கள். ஆட்டுக்காரர்களும் உங்கள் பள்ளியின் பெற்றோர்தானே, கூட்டத்துக்கு அவர்களையும் கூப்பிடுங்கள். வேலியில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

பூச்சிக்கு மருந்துக்கடைப் பக்கமே போக வேண்டாம். பள்ளித் தோட்டத்தில் அந்த டப்பாவே நுழையக் கூடாது, ஏனென்றால் மூடியைத் திறக்கிற கை சின்னக் கையாக இருக்கும். லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்பு. இல்லையென்றால் இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய் அரைத்த கரைசல். அதற்கும் அடங்காத செடியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வேறு ஊன்றுங்கள். நமக்கு இது பிழைப்பு இல்லை.

இனிச் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். “பிள்ளையைப் படிக்க அனுப்பினோமா, மண்வெட்டி பிடிக்க அனுப்பினோமா” என்று கேட்கிற பெற்றோர் எல்லா ஊரிலும் இருப்பார்கள். அந்தக் கோபம் சும்மா வந்ததில்லை. பெருக்கவும் தண்ணீர் தூக்கவும் எந்தத் தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். சமைப்பவர் யார் என்று பார்த்துப் பிள்ளையைச் சாப்பிட விடாத வீடுகளும் நம் ஊர்களில் உண்டு. அதனால் தோட்ட வேலை வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி போக வேண்டும். தலைவியின் பிள்ளையும், ஊராட்சித் தலைவர் பேரனும், ஆணும் பெண்ணும், அவரவர் முறை வரும்போது மண்ணைத் தொட வேண்டும். வாரத்தில் ஒரு பாடவேளை போதும். பாத்தி கட்டுவது, வேலி போடுவது போன்ற கனமான வேலை பெரியவர்களுடையது. தண்டனையாக யாரையும் தோட்டத்துக்கு அனுப்பக் கூடாது. வீட்டுப்பாடம் செய்யாதவனைக் களை பறிக்க விட்டால், களையையும் கீரையையும் சேர்த்து வெறுப்பான். இந்த ஒரு விஷயத்தைத் தீர்மானத்தில் எழுத்தாக எழுதிவிடுங்கள். வாய்ச்சொல் போதாது.

இன்னொன்று, விளைந்ததை யார் கொண்டுபோவது. சிரிக்காதீர்கள், தோட்டங்கள் சண்டையில் அழிவது இதனால்தான். முதல் முருங்கைக்காய் காய்த்ததும் யாருடைய பையில் அது போனது என்று ஊரே பேசும். ஆசிரியர் பையா, அமைப்பாளர் பையா, உறுப்பினர் பையா. ஒரு நாற்பது பக்க நோட்டை சமையலறைக் கதவில் கட்டித் தொங்கவிட்டு, பறித்தது எத்தனை கிலோ, சமையலுக்குப் போனது எத்தனை என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். கணக்குப் பாடமும் ஆகும், காவலும் ஆகும்.

சரி, வாசல் கடைக்கு வருகிறேன்.

பள்ளிக்குப் பக்கத்தில் புகையிலை விற்கக் கூடாது, 100 கெஜத்துக்குள் கூடாது என்று 2003ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அது எந்த அளவுக்கு நடக்கிறதோ, சுவரில் எழுதியாவது வைத்திருக்கிறோம். ஆனால் தின்பண்டத்துக்கும் அப்படி ஒரு விதி இருப்பது பலருக்குத் தெரியாது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020-ல் போட்ட ஒழுங்குமுறையின்படி, கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பண்டங்களைப் பள்ளி வளாகத்துக்குள்ளும், வாசலில் இருந்து எந்தத் திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது. விளம்பரமும் செய்யக் கூடாது. 50 மீட்டர் என்றால் சுமார் 165 அடி. நம் வாசல் கடைகள் பெரும்பாலும் இருபது அடியில் இருக்கின்றன.

அந்தப் பாக்கெட்டுகளில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கண்ணாடி போட்டுப் படியுங்கள். எழுத்து எறும்பு அளவு இருக்கும். மாவு, பாமாயில், உப்பு, சர்க்கரை, சுவைகூட்டிகள், நிறம். சோளமும் உருளையும் அடையாளம் தெரியாமல் போன பிறகு, அந்த வாசனையை வெளியிலிருந்து சேர்க்கிறார்கள். இனிப்புப் பானங்களில் பலவற்றில் 100 மில்லிக்கு 10 கிராம் அளவில் சர்க்கரை இருக்கிறது. 200 மில்லி பாட்டில் ஒன்றைக் குடித்தால் நாலைந்து தேக்கரண்டி சர்க்கரை உள்ளே போகிறது. வீட்டில் ஒரு டம்ளர் காபியில் ஐந்து கரண்டி சர்க்கரை போட்டுப் பிள்ளைக்குக் கொடுப்போமா?

ஆனால் விதி இருக்கிறது என்பதற்காகக் கடையைத் தூக்க நினைக்காதீர்கள். அதை நடத்துவது பெரும்பாலும் உங்கள் ஊர்ப் பாட்டிதான். புருஷன் இல்லாமல், பிள்ளைகள் திருப்பூருக்குப் போன பிறகு, அந்தக் கடையில்தான் அடுப்பு எரிகிறது. பாக்கெட்டைத் தொங்கவிடுவது வேனில் வருகிற சப்ளைக்காரர். பாட்டிக்குக் கிடைப்பது பாக்கெட்டுக்கு சில்லறைக் காசு. அந்தப் பாட்டியைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசுங்கள். அவித்த வேர்க்கடலை, சுண்டல், கடலை உருண்டை, கொய்யா, நெல்லிக்காய், சீசனில் நாவல்பழம், தை மாசியில் அவித்த பனங்கிழங்கு, இவற்றை விற்றால் கையில் நிற்கிற காசு அதிகம், ஏனென்றால் வேலை அவருடையது. ஒரு பொட்டலம் அஞ்சு ரூபாய்க்கு விற்க முடியுமா என்றால் முடியும். வேர்க்கடலை விளைகிற மண் இது. முதல் சில மாதம் விற்காமல் மீந்தால் என்ன செய்வது என்பதுதான் பாட்டியின் பயம். மகளிர் சுயஉதவிக் குழு ஒன்று அவருக்குப் பின்னால் நின்று, கடலையைக் கடனாகக் கொடுத்து, மீந்ததை எடுத்துக்கொண்டால் பயம் போய்விடும். இதைச் செய்யாமல் அதிகாரியை மட்டும் அழைத்து வந்தீர்கள் என்றால், கடை 165 அடி தாண்டிப் போகும், பிள்ளையும் பின்னாலேயே ரோட்டைத் தாண்டிப் போகும்.

பேசிப் பார்த்தும் நடக்கவில்லை, பள்ளிக்குப் பக்கத்தில் பெரிய கடை ஒன்று பிடிவாதமாக விற்கிறது என்றால் உங்கள் வட்டார உணவுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தீர்மான நகலோடு எழுதுங்கள். தனி ஆள் புகாரைவிடக் குழுத் தீர்மானத்துக்கு மரியாதை வேறு.

வீட்டுப் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், தாய்மார்கள் கோபிக்க வேண்டாம். காலையில் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பிள்ளை கையில் பத்து ரூபாயைத் திணிக்கிறோம். அந்தப் பத்து ரூபாய்தான் வாசல் கடையின் மூலதனம். பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லேட் கொடுக்கிறோம். ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தால் கௌரவம் குறைந்துவிடுமா? நம் கொல்லைப்புறத்தைப் பாருங்கள். எங்கள் தெருவில் கான்கிரீட் வீடு வந்த பிறகு கொல்லை முழுக்கச் சிமெண்டு பூசிவிட்டார்கள், செருப்பில் மண் ஒட்டுகிறதாம். முருங்கைக்கீரையைக் கட்டு விலை கொடுத்துச் சந்தையில் வாங்குகிறோம். முன்பெல்லாம் முருங்கைக்கீரைக்கு விலை சொன்னால் சிரிப்பார்கள். சிமெண்டை உடைக்கச் சொல்லவில்லை. பழைய சாக்குப் பையில் மண்ணும் எருவும் நிரப்பிப் பாத்திரம் விளக்குகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மிளகாயும் தக்காளியும் வரும். தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத்துக்கு மானிய விலையில் விதையும் பையும் கொடுத்து வந்திருக்கிறது. வட்டார அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். பள்ளியில் பிள்ளை விதைத்ததை வீட்டிலும் விதைக்கக் கேட்கும். அப்போது “இடம் இல்லை” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்த கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் இவ்வளவு எழுதினால் போதும்: சமையல்கூடத்தை ஒட்டி ஒரு சென்ட் இடம் கீரைக்கும் காய்க்கும் ஒதுக்கப்படுகிறது, விளைவது முழுவதும் சத்துணவுக்கு, கணக்கு நோட்டில், தோட்ட வேலை எல்லாப் பிள்ளைக்கும் வரிசை முறையில், தண்டனையாக இல்லை, வாசல் கடையில் பாக்கெட்டுக்குப் பதில் என்ன விற்பது என்று கடைக்காரரோடும் மகளிர் குழுவோடும் பேச மூன்று உறுப்பினர்கள் நியமிக்கப்படுகிறார்கள். மூன்று பேரில் ஒருவர் பாட்டிக்கு உறவாக இருந்தால் நல்லது. கையெழுத்துப் போட்டு நகலை அமைப்பாளருக்கும் கொடுங்கள், பாவம், அவரை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் ஒருத்தி

பி.கு.: முருங்கையைப் பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிடுகிற இடத்தில் இருந்து தள்ளி நடுங்கள். மழைக்காலத்தில் அடிமரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். ஒரு பிள்ளைக்கு உடம்பு தடித்தால் போதும், மறுநாளே யாராவது அரிவாளோடு வந்து மரத்தை வெட்டிவிடுவார்கள்.